மலிவும் உறுதியும்: நெடும்பயண சைக்கிள் பற்றிய நீண்ட விவாதம்

நெடுந்தூரப் பயணத்துக்கு எந்த சைக்கிள் ஏற்றது, அதற்கு எவ்வளவு செலவழித்தால் போதும் என்ற கேள்விக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். 1884 ஏப்ரலில் தாமஸ் ஸ்டீவன்ஸ் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியபோது அவரிடம் இருந்தது, 50 அங்குல முன்சக்கரம் கொண்ட, கியரோ காற்றடைத்த டயரோ இல்லாத ஒரு ‘கொலம்பியா’ வண்டி. மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. மூட்டை அவ்வளவுதான். லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் சாலையிலும் மிதித்து, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் பயணத்தை முடித்தார். 1962இல் ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட ஹைன்ஸ் ஸ்டூக்கெ நேர்மாறானவர். மூன்று கியர் கொண்ட, 25 கிலோ எடையுள்ள வண்டி; அதன்மேல் வண்டியின் எடையைப்போல் இருமடங்குச் சுமை. அதோடு அரை நூற்றாண்டு உலகைச் சுற்றினார்.

இவ்விரு சான்றுகளையும் வைத்து எதையும் நிரூபிக்கலாம் என்பதே இந்த விவாதத்தின் முதல் சிக்கல். ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் புத்தகம் எழுதினார்கள். பாதி வழியில் ரிம் நெளிந்து ரயிலேறித் திரும்பியவர்கள் பெரும்பாலும் எழுதவில்லை. ஆகவே சாதனையாளர்களின் வண்டியைப் பார்த்து வாங்குவதைவிட, ஒவ்வொரு தரப்பும் எந்தச் சூழலில் தோன்றியது, எங்கே இடறுகிறது என்று பார்ப்பது பயன்தரும். இங்கே நான்கு முக்கியத் தரப்புகளை, இந்தியச் சாலையில், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் நடுத்தர வருவாய்க்காரரை மனத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் தரப்பு: ஊர் சைக்கிளே போதும்

1923இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகப் பயணம் கிளம்பினார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜல் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் சுமார் 71,000 கிலோமீட்டர் மிதித்து 1928இல் ஊர் திரும்பினார்கள். 1963இல் அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்பி, 37 பவுண்டு எடையுள்ள ‘ஆம்ஸ்ட்ராங் கேடட்’ சைக்கிளில் டெல்லி வரை வந்தார். கிளம்பும் முன் அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது: வண்டியிலிருந்த மூன்று கியரையும் கழற்றிவிட்டார். ஆசியாவின் சாலைகளை அந்த நுட்பமான பொறி தாங்காது என்பது அவர் கணிப்பு. உதிரி டயர்களை வழியிலுள்ள பிரிட்டிஷ் தூதரகங்களுக்கு முன்கூட்டியே அனுப்பியும் வைத்தார்.

இத்தரப்பின் வாதம் எளியது. எதை எவரும் பழுதுபார்க்க முடியுமோ அதுவே உறுதியானது. இந்தியாவில் இதற்கு வலுவான அடித்தளம் உண்டு. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், 1951இல் சோனிபத்தில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ எனத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவை ஊருக்கு ஊர் அனுப்பிய கறுப்பு சைக்கிளின் டயர் அளவு 28 × 1½. அதன் சக்கரமும் சும்மா அமைந்ததல்ல: முன்னால் 32, பின்னால் 40 போக்ஸ் கம்பிகள். பின்சக்கரமே அதிகச் சுமை தாங்குகிறது என்ற பழைய பட்டறிவு அந்த எண்ணிக்கையில் இருக்கிறது. டியூப், ஃப்ரீவீல், காட்டர் பின், பெடல் எல்லாம் சிறு ஊர்க் கடையிலும் கிடைத்துவந்தன. விலையும் மற்ற மூன்று தரப்புகளின் வண்டிகளைவிடக் குறைவு.

குறைகளும் தெளிவானவை. வண்டி மட்டுமே ஏறத்தாழ 20 கிலோ. கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை, மழையில் நனைந்த குரோமிய ரிம்மைச் சரியாகப் பற்றாது. சுமையோடு மலையிறங்கும்போது இது ஆபத்து. மேலும், இத்தரப்பு நம்பியிருக்கும் பழுதுபார்ப்பு வலையே இளைத்துவருகிறது. 2020 ஜூனில் அட்லஸ் தன் கடைசித் தொழிற்சாலையையும் மூடியது. வாடகை சைக்கிள் கடைகள் அருகிவிட்டன. நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகள் பலவும் இருசக்கர மோட்டார் வண்டியையும் லாரியையும் நம்பியே நடக்கின்றன. பஞ்சர் ஒட்டுவார்கள், பெண்டு எடுக்கத் தெரிந்த கை எல்லா ஊரிலும் இருக்கும் என்று இனி எண்ணிவிட முடியாது.

கியர் வேண்டுமா? ஒரு கணக்கு

கியர் ஆடம்பரம் என்ற எண்ணத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. பிரான்சின் சேன்ட் எட்டியென் நகரில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய பால் டி விவி, பயணிக்குப் பல கியர் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வாதாடினார். டூர் டி பிரான்ஸ் போட்டியோ, செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் ‘டீரெய்லர்’ கியரை 1937 வரை அனுமதிக்கவில்லை. மர்பி கியரைக் கழற்றியதும் இந்த ஐயத்தின் தொடர்ச்சிதான். அவர் செங்குத்தான இடங்களில் வண்டியைத் தள்ளினார், சில இடங்களில் லாரியிலும் பேருந்திலும் ஏறினார் என்பதைச் சேர்த்தே அவர் முடிவை எடைபோட வேண்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ, மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளையோ எண்ணிப் பார்ப்போம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஆள், வண்டி, சுமை மூன்றும் சேர்ந்து 100 கிலோ. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மிதமான உழைப்பாக 130 வாட் செலுத்தினால் வேகம் மணிக்கு சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் கொண்ட ஊர் சைக்கிள் ஒரு மிதிச் சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் நகரும். அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 17 சுற்றுதான் வரும். அப்படி மிதிக்க முழங்கால் ஒத்துக்கொள்ளாது. இறங்கித் தள்ளத்தான் வேண்டும். சக்கர நடுவில் அடங்கிய மூன்று கியர் இருந்தால், கீழ்க்கியரில் நிமிடத்துக்கு 23 சுற்று. முன்னால் 24 பல், பின்னால் 34 பல் உள்ள வண்டி ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே நகரும். சுற்று நிமிடத்துக்கு 60ஐத் தாண்டும். உட்கார்ந்தபடியே ஏறலாம்.

இக்கணக்கிலிருந்து ஒன்று தெரிகிறது. கியர்களின் எண்ணிக்கை 18ஆ, 21ஆ என்பது பெரிதல்ல. மிகக் கீழான கியர் எவ்வளவு கீழே போகிறது என்பதே பெரிது. விளம்பரத்தில் முன்னது இருக்கும். பின்னதை வாங்குபவர்தான் கடையில் நின்று பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். சமவெளியில் மட்டும் செல்பவருக்கு, கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம் போகிறவருக்கு, இந்த வாதம் அவ்வளவு பொருந்தாது. அவர் எதிர்க்காற்றுக்குத்தான் கீழ்க்கியர் தேடுவார்.

இரண்டாம் தரப்பு: பயணத்துக்கென்றே செய்த வண்டி

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பிரான்சிலும் இங்கிலாந்திலும் இத்தரப்பு முதிர்ந்தது. 1935இல் ரெனால்ட்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த ‘531’ எஃகுக் குழாயும், பாரிஸின் ரெனே எர்ஸ் போன்ற கைவினைஞர்களின் பட்டறைகளும் இதன் அடையாளங்கள். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டின் ‘பைக்சென்டென்னியல்’ பயணம் இதைப் பரவலாக்கியது. ஓரிகான் கரையிலிருந்து வர்ஜீனியா வரை சுமார் 4,250 மைல் வழியில் ஆயிரக்கணக்கானோர் மிதித்தார்கள். பின்னர் வந்த டிரெக் 520, 2004இல் வந்த சர்லி லாங் ஹால் டிரக்கர் ஆகியவை இத்தரப்பின் முன்மாதிரிகளாகப் பேசப்பட்டன.

இவ்வகை வண்டியின் தனிச்சிறப்பு பளபளப்பில் இல்லை, வடிவில் இருக்கிறது. பெடலுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தூரம் அதிகம்; அதனால் பையில் குதிகால் இடிக்காது. கேரியர், மட்கார்டு, தண்ணீர் போத்தல் எல்லாவற்றுக்கும் ஃபிரேமிலேயே திருகுத் துளைகள். 36 கம்பிச் சக்கரம், அகல டயருக்கு இடம், நிதானமான ஸ்டீயரிங். சுமை ஏற்றிய பிறகும் வண்டி அலைபாயாது.

இதன் முதல் பலவீனம் விலை. இறக்குமதி என்றால் சரக்குக் கட்டணமும் சுங்கவரியும் சேர்ந்து லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது ஓரளவு உதவும். இந்த இடைவெளியை அது மூடாது. இரண்டாம் பலவீனம், சந்தையிலேயே இவ்வகை சுருங்குவது. லாங் ஹால் டிரக்கரின் உற்பத்தியே நின்றுவிட்டது. மூன்றாவது, இந்தியாவில் இதன் சக்கர அளவு: 700சி எனப்படும் 622 மில்லிமீட்டர் ரிம்முக்கு ஊர் சைக்கிளின் 635 மில்லிமீட்டர் டயர் சேராது. பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டையும் குழப்பி வாங்கி வருபவர்கள் உண்டு.

எஃகா, அலுமினியமா?

இத்தரப்போடு ஒட்டிவந்த நம்பிக்கை ஒன்று: எஃகு ஃபிரேம் முறிந்தால் எந்த ஊரிலும் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்பது. இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். ஊர் சைக்கிளின் தடித்த குழாய்க்கு இது பொருந்தும். உயர்தர குரோம் மாலிப்டினம் குழாயோ நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. கிரில் கேட்டுக்கு வெல்டிங் வைக்கும் பட்டறையின் மின்வில் அதில் ஓட்டை போட்டுவிடக்கூடும். ஒட்டினாலும் சுற்றியுள்ள உலோகம் பலம் குன்றும். அடுத்த நகரம் வரை போகலாம், பயணம் முழுவதும் தாங்குமா என்பது வேறு.

அலுமினியத்துக்கு எதிரான வாதம், அது களைத்து முறியும் என்பது. உலோகவியல்படி இதில் உண்மை உண்டு: எஃகுக்கு, குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே எத்தனை முறை அசைத்தாலும் முறியாத எல்லை இருக்கிறது; அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. ஆனால் 1997இல் ஜெர்மனியின் ‘டூர்’ இதழ் வெளியிட்ட இயந்திரச் சோதனையில் எஃகு, டைட்டானிய ஃபிரேம்கள் முறிந்தன. இரண்டு அலுமினிய ஃபிரேம்களும் ஒரு கார்பன் ஃபிரேமும் தாக்குப்பிடித்தன. அவை பந்தய ஃபிரேம்கள். சுமை வண்டிக்கு அம்முடிவை அப்படியே நீட்ட முடியாது. எனினும் உலோகத்தின் பெயரைவிட வடிவமைப்பும் தயாரிப்பும் முக்கியம் என்பதற்கு அது நல்ல சான்று. நடைமுறையில் அலுமினிய வண்டிக்காரர் கவலைப்பட வேண்டியது ஃபிரேமைவிடப் பின்கியர் தொங்கும் சிறு கொக்கியைப் பற்றித்தான். அது மாடலுக்கு மாடல் மாறும். வண்டி சாய்ந்தால் வளையும். கடையில் தேடினால் கிடைக்காது. உதிரியாக ஒன்று பையில் கிடக்கட்டும்.

மூன்றாம் தரப்பு: மலைச் சைக்கிளை மாற்றுவது

1980களில் மலைச் சைக்கிள் பெருகியபோது, பயணிகள் அதன் மூன்று நன்மைகளைக் கண்டுகொண்டார்கள்: வலிமையான 26 அங்குலச் சக்கரம், அகல டயர், மிகக் கீழான கியர். ஷாக் அப்சார்பர் இல்லாத பழைய எஃகு மலைச் சைக்கிளை வாங்கிக் கேரியர் பூட்டுவதே குறைந்த செலவில் நல்ல வழி என்ற கருத்து மேலைநாடுகளில் இன்றும் செல்வாக்குள்ளது. அங்கே அவ்வண்டிகள் பழைய சாமான் சந்தையில் மலிந்து கிடந்ததே அக்கருத்தின் அடிப்படை.

இந்தியாவில் அதே வழி அப்படியே அமையாது. இங்கே மலிவு விலையில் விற்கும் மலைச் சைக்கிளில் முன்னால் ஷாக் அப்சார்பர் ஏறக்குறைய கட்டாயம். சிலவற்றில் பின்னாலும் உண்டு. அது வண்டிக்கு எடை கூட்டும், மிதிக்கும் விசையில் ஒரு பங்கை விழுங்கும், முன்கேரியர் பூட்ட இடம் தராது. இதைவிட முக்கியமான குறை கண்ணுக்குத் தெரியாமல் பின்சக்கர நடுவில் இருக்கிறது. விலை குறைந்த ஏழு கியர் வண்டியில் பல்சக்கரத் தொகுதி திருகிப் பூட்டப்படுகிறது. அப்போது வலப்புறத்து பால்ரஸ் உள்ளே தள்ளி அமைவதால் ஆக்ஸிலின் ஒரு முனை ஆதாரமின்றி நீண்டு நிற்கும்; சுமை ஏறும்போது அங்கேதான் வளையும், முறியும். பல்சக்கரங்களைச் செருகிப் பூட்டும் கேசட் வகையில் பால்ரஸ் வெளிப்புறமாக நகர்ந்துவிடுவதால் இத்தொல்லை குறைவு. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாக இருக்கலாம்.

இத்தரப்புக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும்: ஷாக் அப்சார்பர் இல்லாத, அகல டயர் கொண்ட நகர வகை சைக்கிள்கள் இந்தியச் சந்தையில் நடுத்தர விலைக்கே கிடைக்கின்றன. பழைய மலைச் சைக்கிள் மேலைநாட்டில் வகித்த இடத்தை இங்கே இவை நிரப்பக்கூடும்.

நான்காம் தரப்பு: சுமையைக் குறை

வண்டியைப் பலப்படுத்துவதைவிட மூட்டையைச் சிறிதாக்கு என்பது நான்காம் தரப்பு. ஸ்டீவன்ஸை இதன் முன்னோடி எனலாம். 2008இல் தொடங்கிய ‘டூர் டிவைட்’ நெடும்போட்டியும், கேரியர் இல்லாமல் ஃபிரேமிலேயே பைகளைக் கட்டும் பழக்கமும் இதற்குப் புதுவடிவம் தந்தன. சுமை பத்துக் கிலோவுக்குள் அடங்கினால் சாதாரண வண்டியே போதுமானதாகிவிடும் என்பது இதன் வலுவான வாதம்.

பலவீனம் பணத்தில்தான். எடை குறைந்த கூடாரம், உறங்குபை, அடுப்பு எல்லாமே விலை உயர்ந்தவை. வண்டியில் மிச்சம் பிடித்தது பையில் போய்விடும். ஆனால் இந்தக் குறை பனிவிழும் ஆளற்ற நிலங்களுக்கே முழுதாகப் பொருந்தும். இருபது, முப்பது கிலோமீட்டருக்கு ஒரு இட்லிக் கடையும், மாலைக்குள் எட்டும் தூரத்தில் ஒரு லாட்ஜும் உள்ள தென்னிந்தியச் சாலையில் கூடாரத்தையும் அடுப்பையும் பட்டியலிலிருந்தே நீக்கலாம். ஒரு வேட்டி, ஒரு துண்டு, இரண்டு மாற்றுடுப்பு, மழைச்சட்டை, பழுதுபார்க்கும் சாமான் எல்லாம் ஏழெட்டுக் கிலோவுக்குள் அடங்கும். லடாக் போகிறவருக்கு இக்கணக்கு ஒத்துவராது.

உடைவது எங்கே?

நான்கு தரப்பும் ஃபிரேமைப் பற்றியே அதிகம் பேசின. பயணத்தை நிறுத்துவதோ பெரும்பாலும் பின்சக்கரம். ஆள் எடையில் பாதிக்கு மேலும், மூட்டை முழுவதும் அதன்மேல் இறங்குகிறது. கியர் இருக்கும் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாகவும் மறுபக்கத்தவை சாய்வாகவும் நிற்பதால் இழுவிசை இரு பக்கமும் சமமாக இராது. கம்பி ஒரே அடியில் அறுவதில்லை. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டும் தொய்ந்தும் களைத்து, நடுவட்டத்தில் வளைந்து நுழையும் இடத்தில் அறுகிறது. ஆகவே கம்பிகளின் எண்ணிக்கையைப்போலவே அவற்றின் சீரான இறுக்கமும் முக்கியம். இயந்திரம் கோத்த மலிவுச் சக்கரத்தை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து, ஒவ்வொரு கம்பியாக முறுக்கி, பெண்டு எடுத்து வாங்குவது மிகச் சிறிய செலவு. அதற்கு ஈடான பலனை வேறெந்த உபகரணமும் தருவது அரிது.

டயர் விஷயத்தில் கருத்து மாறியிருக்கிறது. ஒடுங்கிய, கல்போல் காற்றடைத்த டயரே வேகமானது என்ற நம்பிக்கையை, ஜான் ஹைன் நடத்திய ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழின் சாலைச் சோதனைகள் கேள்விக்குள்ளாக்கின. சோதனை முறை பற்றி விவாதம் உண்டு; ஆனால் கரடான சாலையில் 35 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர் உடலுக்கும் சக்கரத்துக்கும் நல்லது என்பதை இன்று மறுப்பவர் குறைவு.

பை, கேரியர், சில்லறைச் சாமான்

கேரியரில் பொறித்திருக்கும் கிலோ எண்ணிக்கையைப் பார்ப்பது அவசியம். ஆக்ஸிலுக்கு அருகே இருபுறமும் திருகப்படும் கேரியர் 25 கிலோ வரை தாங்கக்கூடும். சீட் தண்டை மட்டும் பற்றிநிற்பது பத்துக் கிலோவுக்கே திணறும். பையைப் பொறுத்தவரை, முழுதும் நீர்புகாத வெளிநாட்டுப் பைகள் பல்லாண்டு உழைக்கும், விலையும் அதற்கேற்றது. மாற்று எளிது: ரெக்சின் அல்லது தார்ப்பாய் தைப்பவரிடம் அளவு கொடுத்துத் தைத்த பை, உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை, கட்டுவதற்குப் பழைய டியூப்பை நறுக்கிய பட்டை. கொக்கிதான் இதன் பலவீனமான இடம். குலுக்கலில் கழன்று கம்பிக்குள் மாட்டினால் விபத்து. ஆகவே கீழ்ப்பக்கமும் ஒரு கட்டு வேண்டும். எதில் சிக்கனம் பிடித்தாலும் விளக்கு, பிரேக் கட்டை, தலைக்கவசம் ஆகியவற்றில் பிடிக்கலாகாது.

பழைய வண்டி வாங்கினால்

பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய வண்டி லாபமா என்பது தேய்மானத்தைப் பொறுத்தது. இதற்கு ஒரு இரும்பு ஸ்கேல் போதும். புதுச் செயினில் 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 கூடியிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேச வேண்டும். ஃபிரேமின் இணைப்புகளில் மயிரிழை விரிசல், ரிம்மின் பக்கவாட்டில் குழிவு, சுற்றும்போது ஆக்ஸிலின் ஆட்டம் ஆகிய மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஃபிரேம் விரிசல் ஒன்றைத் தவிர மற்றவை சரிசெய்யக்கூடியவை.

மதிப்பீடு

நான்கு தரப்பும் தத்தம் இடத்தில் சரியே. ஊர் சைக்கிள், பழுதுபார்க்கும் கை பக்கத்தில் இருந்த காலத்தின் விடை. பயண வண்டி, கூடாரத்தோடு கண்டம் கடப்போரின் விடை. மாற்றிய மலைச் சைக்கிள், பழைய சந்தை செழித்த நாட்டின் விடை. குறைந்த சுமை, வழியில் கடையும் தங்குமிடமும் உள்ள நிலத்துக்கு மலிவான விடை. ஆக, உறுதி என்பது ஃபிரேமோடு சேர்த்து விலைக்கு வாங்கும் குணமாகத் தெரியவில்லை. சுமை, பின்சக்கரம், வழியிலுள்ள பழுதுபார்ப்பு வசதி மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

தீராத கேள்விகளும் உண்டு. ஊர்ப் பஞ்சர் கடைகள் இன்னும் பத்தாண்டில் எந்தச் சக்கர அளவை வைத்திருக்கும், டிஸ்க் பிரேக் சிற்றூர் வரை பரவுமா, சுமை ஏற்றிய மலிவு அலுமினிய ஃபிரேமின் ஆயுள் எவ்வளவு ஆகியவற்றுக்கு இப்போது உறுதியாக விடை சொல்ல இயலாது.

தெரிந்தவரை, தென்னிந்தியச் சாலையில் முதல் பயணம் போகிறவருக்கு இப்படிச் சொல்லலாம்: ஷாக் அப்சார்பர் இல்லாத, கேசட் பொருத்திய, 24க்கு 34 போன்ற கீழ்க்கியர் கிடைக்கிற நடுத்தர விலை வண்டியை எடுங்கள். மிச்சப் பணத்தில் முதலில் பின்சக்கரத்தை இறுக்கி வாங்குங்கள், பிறகு டயர், பிறகு கேரியர், கடைசியாகப் பை. மூட்டை பத்துக் கிலோவைத் தாண்டினால், வண்டியை மாற்றுவதற்கு முன் மூட்டையை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.